ஊர்முழுக்கப் பங்காளி ஆன விவரம்

உ
சிவமயம்

காரைக்குடி,
வெகுதானிய வருடம், தை மாதம்.

பினாங்கில் இருக்கும் மைத்துனர் காசிவிஸ்வநாதன் அவர்களுக்குக் காரைக்குடி அழகுசுந்தரம் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை தேனம்மை, மகன் ஆதித்தன் மூவரும் சுகம். கம்ப்யூட்டர்தான் நேற்றுவரை சுகமில்லாமல் இருந்தது, இன்று தேவலை. அங்கே நீங்களும் உங்கள் வீட்டு ஆச்சியும் மகள் கிருத்திகாவும் சுகமாக இருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணை. பிள்ளையார்பட்டி என்று எழுதியதும் உங்களுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து கிழித்துப் போடாமல் முழுக்கப் படிக்க வேண்டியது. ஈமெயிலில் அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் போகுமே என்று ஆதித்தன் சொல்கிறான். கல்யாணப் பேச்சை மின்சாரத்தில் அனுப்பி, பாதியில் கரண்டு போனால் அது சகுனத்தடை ஆகாதா? அதனால்தான் தபால்.

நீங்கள் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்னு நாலு பேரு கேட்டா, வீட்டுக்குள்ள பெட்டிக்கு முன்னாடி ஒக்காந்திருக்காகன்னு எப்புடி மச்சான் சொல்றது?" என்று கேட்டீர்கள். இன்டர்நெட்டில் ஆதித்தன் செய்கிற பக்கம் தைப்பூசத்துக்குள் பினாங்கில் திறந்து, அங்குள்ள நம் நகரத்தார் பெரியவர்கள் மெச்சினால் கிருத்திகா எங்கள் வீட்டுக்கு, இல்லாவிட்டால் ஈப்போ டாக்டர் மாப்பிள்ளைக்கு என்று முடித்துவிட்டீர்கள். உரிமையுள்ள அம்மான் மகளை அடுத்த வீட்டுக்கு விடுவதா என்று உங்கள் தங்கை அன்றிலிருந்து சாமி வீட்டில் ஒரு விளக்கு, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு விளக்கு என்று ஏற்றி வருகிறாள்.

அவன் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்குக் கோயில் ஒன்பது. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிய வைத்திருக்கிறான். திரையில் மாப்பிள்ளை வீட்டுக் கோயில், பெண் வீட்டுக் கோயில் என்று இரண்டு வரிசை. இதில் ஒன்று அதில் ஒன்று தொட்டால், "பேசலாம்" என்றோ "பங்காளி, பேச வேண்டாம்" என்றோ கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். இதை எழுதுகிற பாஷைக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பேர். ஜாவா நம்மவர்கள் கப்பலேறிப் போன ஊர்தானே என்றேன், அந்த ஜாவா இல்லையாம். வீட்டிலேயே வைத்திருந்தால் நாங்கள் மூன்று பேர்தான் பார்க்கலாம், உலகம் பார்க்க வேண்டுமென்றால் ராப்பகலாக அணையாத ஒரு பெட்டியில் ஏற்ற வேண்டும், அது அமெரிக்காவில் இருக்கிறது என்றான். நம் சரக்கைப் போய் யாரோ ஒருவன் தேசத்தில் வைப்பதா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. அவன் விளக்க விளக்கத்தான் பிடிபட்டது. நம்மவர்கள் வட்டிக்கடை நடத்துகிற உங்கள் ஊர்க் கிட்டங்கிதான் மச்சான் அது! ஒரே கூடம், கணக்குப் பெட்டி போட்டு உட்கார ஆளுக்கொரு பெட்டியடி, அவரவர் சாவி அவரவரிடம், பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர் நேரே அந்தப் பெட்டியடிக்குப் போய்விடுவார். இப்படி ஆயிரம் பேர் ஒரே இரும்புப் பெட்டிக்குள் கடை போட்டிருக்கிறார்களாம், ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லையாம்.

ஏற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. இங்கிருந்து மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு, டெலிபோன் கம்பி வழியாகத்தான் ஏற்ற வேண்டும், ஏறும்போது யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது. பக்கம் லட்சணமாக இருக்கட்டும் என்று நம் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையைப் படம் எடுத்துப் பின்னால் போடச் சொன்னது நான். அந்தத் தரை ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பாதித் தரை அமெரிக்காவில் இறங்கியிருக்கும், அந்த நேரம் பார்த்து வலையபட்டிக்குப் பேசுவதற்காகத் தேனம்மை போனை எடுத்துவிட்டாள். "ஆத்தாடி, காதுக்குள்ள என்னமோ கீச்சு கீச்சுனு கத்துதுங்க!" என்றாள். "வச்சிருங்க ஆத்தா, ஏறிக்கிட்டிருக்கு!" என்று ஆதித்தன் உள்ளேயிருந்து கத்த, "என்னடா ஏறுது, பாம்பா?" என்று அவள் நாற்காலி மேல் ஏறிக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து ஏற்றினோம். ஏற்றி முடித்தால் பக்கம் திறக்கிறது, தொட்டால் பதில் இல்லை. வீட்டில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது அங்கே போய் ஊமையாகிவிட்டது. கடைசியில் பார்த்தால், கோயில் விவரத்துக்குப் பேர் வைத்தபோது முதல் எழுத்தை இங்கிலீஷில் பெரிய எழுத்தாக வைத்திருக்கிறான், கூப்பிடும்போது சின்ன எழுத்தில் கூப்பிட்டிருக்கிறான். வீட்டுப் பெட்டி அதை அனுசரித்துப் போகிறது, அமெரிக்கப் பெட்டி மரியாதை ஒரு பிடி குறைந்தாலும் திரும்பிப் பார்க்காது. நம் சம்பந்திகளிலேயே இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

அதைச் சரிசெய்த அன்று சாயங்காலம் நீங்கள் போன் பண்ணி, "தொறந்துருச்சு மச்சான்!" என்றீர்களே, நான் ரிசீவரைப் பிடித்தபடியே ஆதித்தனைத் திரும்பிப் பார்த்தேன். செக்காலை ரோட்டு வீட்டில் இவன் தட்டிய எழுத்து அமெரிக்கா போய், அங்கிருந்து கடல் தாண்டி உங்கள் மேஜையில் வந்து நிற்கிறது. இவனோ கைலியோடு காபி குடித்துக்கொண்டிருக்கிறான். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் உங்கள் குரல் வேறு மாதிரி வந்தது. "இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி கோயிலுன்னு பச்சப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்குப் போயி பேசலாம்னு சொல்லுது! அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கலியாணம் பண்ணி வைக்கவா அமெரிக்காவுல பெட்டியடி போட்டிருக்கீக?" என்றீர்கள். ஆதித்தன் ஆடிப்போனான். பேர் ஒன்றாயிருந்தால் பங்காளி என்று எழுதியவன், பேர் வேறாயிருந்தும் பங்காளியான அந்த இரண்டு கோயிலை விட்டுவிட்டான். உடனே திருத்தி, கரண்டு போவதற்குள், அவன் ஆத்தா போனை எடுப்பதற்குள் என்று பறந்து, வீட்டில் ஒரு தரம் ஓட்டிக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நீங்கள் பெரியவர்களை எல்லாம் கூட்டி வைத்து, இந்தத் தரம் வம்பே வேண்டாம் என்று உங்கள் கோயில் மாத்தூரையும் ஆச்சி பிறந்த வீட்டுக் கோயில் இலுப்பைக்குடியையும் தொட்டிருக்கிறீர்கள். "பங்காளி, பேச வேண்டாம்" என்று வந்துவிட்டது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில், சபையில் இப்படி ஒரு சொல்! பிறகு வந்திருந்தவர்கள் ஆளாளுக்குத் தொட்டுப் பார்க்க, எல்லாரும் எல்லாருக்கும் பங்காளி, நம்மில் நடந்த ஒரு கல்யாணமும் செல்லாது என்றாகிவிட்டது. "ஆச்சி எங்கூடப் பேச மாட்டேங்குறாக. ஒங்க மகன் பேச வேணாம்னு சொல்லிட்டாகளாம்" என்று மட்டும் சொல்லி நேற்றுப் போனை வைத்துவிட்டீர்கள்.

காரணத்தைக் கேட்டால் உங்கள் கோபம் பாதியாவது இறங்கும். இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்பதற்கு அந்தப் பாஷையில் சமக்குறியை இரண்டு தரம் போட வேண்டுமாம். ஒரு தரம் போட்டால் அது கேள்வி இல்லை, உத்தரவு. இதை அதுவாக்கு என்று அர்த்தம். அவசரத்தில் ஒரு குறி விட்டுப்போக, அமெரிக்காவிலிருந்து வந்த அந்த வரி யாரைத் தொட்டாலும் மாப்பிள்ளை வீட்டாரை இழுத்துக்கொண்டு போய்ப் பெண் வீட்டுக் கோயிலில் சேர்த்துவிட்டு, பிறகு திரும்பிப் பார்த்து, அட, ஒரே கோயில் என்று சொல்லியிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை மச்சான், சொன்னதைச் செய்திருக்கிறது. எத்தனை கூட்டம் போட்டும் வராத ஒற்றுமையை ஒரு குறி, அதுவும் இல்லாத ஒரு குறி கொண்டுவந்துவிட்டது! ஆதித்தன் சாப்பிடவே வரவில்லை. "அம்மான் மொகத்துல எப்புடி முழிக்கிறது அப்பச்சி?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இன்று காலையில் பார்த்தேன், இரண்டாவது குறி வந்துவிட்டது. ஒன்பது கோயிலையும் நானே மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டேன். பேச வேண்டிய இடத்தில் பேசலாம் என்கிறது, இரணியூருக்கும் பிள்ளையார்பட்டிக்கும் வேண்டாம் என்கிறது. நீங்களும் ஆச்சியும் பழையபடி தம்பதிகள்.

ஆகவே, பூசத்துக்கு உங்கள் ஊரில் வெள்ளி ரதம் புறப்படுவதற்குள் அதே பெரியவர்களை இன்னொரு தரம் அழைத்து, அவர்கள் முன்னாலேயே திறந்து பார்த்து, கிருத்திகாவை எங்களுக்கே தர வேண்டியது. தப்புச் செய்யாத பிள்ளை எங்கே இருக்கிறான்? செய்த தப்பை ஒரே ராத்திரியில் திருத்தத் தெரிந்தவனுக்குப் பெண் கொடுத்தால் கண்கலங்காமல் வைத்திருப்பான். உங்கள் தங்கை ஆசைப்படுகிறாள், நானும் ஆசைப்படுகிறேன். இதற்கு மேல் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆச்சிக்கு என் வணக்கமும் வருத்தமும். கிருத்திகா எங்கிருந்தாலும் விளக்காய் விளங்க எங்கள் ஆசி. உங்கள் ஊர் முருகன் தண்ணீர்மலையான் எல்லாரையும் காக்கட்டும்.

அன்புள்ள,
அழகுசுந்தரம்

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவுகிற நேரத்தில் ஆதித்தன் வந்து, கடிதத்தை வாங்கிப் படித்தான். "அப்பச்சி, அந்தக் குறிய நான் போடலை. கிருத்திகா போட்டுச்சு" என்றான். நேற்று நீங்கள் போனை வைத்த கையோடு, அது உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஈமெயிலில் இவனிடம் சாவிச்சொல்லை வாங்கி, அமெரிக்கப் பெட்டியடியைத் திறந்து, குறியைப் போட்டுப் பூட்டிவிட்டதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதைவிடப் பொருத்தம் வேற என்னடா வேணும்?" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, அது அனுப்பிய ஈமெயிலைக் காட்டினான். "அயித்தான், எனக்கு ஈப்போ டாக்டரும் வேணாம், கோவிச்சுக்கிறாதீக, நீங்களும் வேணாம். அந்தப் பெட்டியடியில எனக்குப் பாதிப் பங்கு குடுங்க, பங்காளியா இருப்போம். எங்க அப்பச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று இருந்தது. நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன். "சரின்னு எழுதிட்டேன்" என்றான். "வருத்தமா இல்லையாடா?" என்றேன். "இப்பத்தான் அப்பச்சி எனக்கு மூச்சே வந்துச்சு. நானும் இதைத்தான் எப்புடிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்" என்று சிரிக்கிறான். பங்கு சேர்ந்தபின் பங்காளி, பங்காளி வீட்டில் பெண் கேட்க முடியுமா? ஆகவே மேலே நான் பெண் கேட்ட வரிகளை அடித்துவிட்டு மற்றதைப் படிக்க வேண்டியது. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தின் அடியில் அதற்குள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் கோபம் வர மாட்டேன் என்கிறது. தேனம்மைக்கு இன்னும் தெரியாது, சொல்ல எனக்குத் தைரியமில்லை. கூடப்பிறந்த அண்ணன், நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். லைன் கிடைப்பதுதான் சிரமம். எப்போது எடுத்தாலும் கீச்சு கீச்சென்றுதான் கேட்கிறது, உங்கள் மகளும் என் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.