ரோஜா என்றொரு புனைபெயர்

ஆராய்ச்சி முறைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்களில் ஒருவர்கூடத் தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருந்திருக்க மாட்டார். குடியிருந்திருந்தால் 'தனியாள் ஆய்வு' என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். முதல் வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "மாத்திரை போட்டியா?" என்று குரல் வரும். அங்கே தனியாளுக்கு எங்கே போவது?

இது எனக்குத் தெரியாததல்ல. ராகலையில் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் பல்கலைக்கழகத்தில் கல்வி முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்த அன்றே எல்லாம் மறந்துபோனது. (மூளையையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தேன் போலும்.)

அப்போது வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, அம்பது பேரை மேலோட்டமாப் பாக்கிறதை விட ஒராளை ஆழமாப் பாரும்" என்றார். கூடவே இரண்டு கட்டளைகள். "உண்மையான பேர் ஒரு இடத்திலயும் வரக்கூடாது. எழுதினதை அந்த வீட்டாருக்கு வாசிச்சுக் காட்டி, சரியெண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும்." கையெழுத்து இல்லாமல் ஆய்வை ஏற்கமாட்டார்கள். தவறினால் இன்னொரு வருடம் அலைய வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்த ஒராள், ஏழாம் வகுப்புத் தர்ஷினி. மைதானத்தில் அவள் கத்துவது ஸ்டேஷன் வரை கேட்கும். ஆங்கிலப் பாடம் தொடங்கினால் வாய் பூட்டிக்கொள்ளும். ஏன்? அதுதான் என் ஆய்வு.

காரணம், அவள் வீட்டுக்குப் போன முதல் நாளே எதிரில் உட்கார்ந்திருந்தது.

"தர்ஷினி, உனக்குப் புடிச்ச பாடம் எது?"

"அவளுக்குச் சங்கீதந்தாங்க டீச்சர்" என்றார் அம்மா புஷ்பம்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ரொட்டியும் கட்டச்சம்பலும்." இதுவும் புஷ்பம்தான்.

பிள்ளை திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். ஒரு பாடசாலைத் தவணை முழுக்க இதையே பார்த்தேன், குடித்த தேநீருக்குக் கணக்கில்லை. கடைசியில் எழுதினேன்: 'கேள்விகளுக்குத் தாயே முந்திக்கொண்டு பதில் சொல்வதால், பிள்ளை தானாகப் பேசும் பழக்கத்தை இழந்திருக்கிறாள்.' எழுதிவிட்டு நானே அதை நாலு முறை வாசித்து ரசித்தேன்.

அடுத்தது புனைபெயர். 'ரோஜா' என்று வைத்தேன். சும்மா வைக்கவில்லை, பாடசாலை வரவு இடாப்புகள் எல்லாவற்றையும் புரட்டி, ரோஜா என்று ஒரு பிள்ளையும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இடாப்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. இடாப்பில் விக்னேஸ்வரியாகவும் வீட்டில் இன்றுவரை பேபியாகவும் இருக்கிற எனக்கே ஞாபகம் வரவில்லை என்றால் என்ன சொல்ல!

வெள்ளிக்கிழமை ஆய்வை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு, வாசித்துக் காட்டப் போனேன்.

"உள்ள போய் வாசிக்கலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க டீச்சர்? எல்லாருந்தான் கேக்கட்டுமே" என்று பெருமையோடு வாசல் இஸ்தோப்பிலேயே கதிரையைப் போட்டார் புஷ்பம். பெயரை மாற்றித்தான் எழுதுவேன் என்று முதல் நாள் சொன்னதை அவர் சுத்தமாக மறந்திருந்தார். லயமே சுற்றி நிற்கும்போது அதை நினைவூட்டவும் முடியாது. வாசித்தேன்.

"ரோஜா ஆங்கிலப் பாடத்தில் வாய் திறப்பதில்லை. அவளுடைய தாய்..."

முடிக்கவில்லை, புஷ்பம் கை தட்டாத குறை. "ரொம்பச் சரிங்க டீச்சர்! அந்தப் புள்ளைய அவ அம்மா பேசவே வுடமாட்டா. நானே எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

மூன்றாவது காம்பராவிலிருந்து செல்வி வெளியே வந்தார், கையில் தேங்காய் மூடியோடு. "யாரு வுடமாட்டா?"

அவர் பின்னால் நின்றவள் அவர் மகள், என் வகுப்பு யோகேஸ்வரி. வீட்டில் அவள் பெயர் ரோஜாவாம்.

"எம்புள்ள மேடையேறி இங்கிலீசுப் பாட்டுப் பாடிப் பரிசு வாங்குனவ. அவளா வாயத் தொறக்கமாட்டா?"

"இது அந்த ரோஜா இல்லீங்க" என்றேன்.

"அப்ப வேற ரோஜாவக் காட்டுங்க பாப்போம்!"

எப்படிக் காட்டுவது? காட்டினால் ஆய்வு நெறி போச்சு. காட்டாவிட்டால் என் மானம் போச்சு. இதற்குள் புஷ்பத்துக்கும் பொறி தட்டியது, அதுவும் தப்பான இடத்தில். "இத்தன நாளா எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டு, அவ புள்ளையப் பத்தியா எழுதுனீங்க?" கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களும் இப்போது ஒன்றாகச் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தர்ஷினி, நீயாவது..." என்றேன்.

"அவ என்னத்தச் சொல்லுவா? நான் சொல்றதத்தான் அவளும் சொல்லுவா" என்றார் புஷ்பம்.

"நோ!"

லயமே திரும்பிப் பார்த்தது. தர்ஷினி மூச்சு விடாமல் கத்தினாள். "ரோஜா நாட் ரோஜா! ரோஜா இஸ் மீ! மை மதர் டாக்கிங், டாக்கிங், டாக்கிங்! மீ நோ டர்ன்!"

யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து தர்ஷினியின் அப்பாவின் குரல் மட்டும் மெதுவாக வந்தது. "எனக்குந்தான் நோ டர்னு."

முதலில் சிரித்தது செல்வி. புஷ்பம் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் பேசாமல் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான்.

என் மாணவி முதல்முறையாக ஆங்கிலத்தில் பேசிவிட்டாள் என்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. ஒரு தவணை முழுக்க வாய் திறக்காதவள், 'வாய் திறப்பதில்லை' என்று நான் எழுதி முடித்த பிறகா திறக்க வேண்டும்? மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன்.

"கதைச்சுப்போட்டாளோ? நல்ல விசயம் பிள்ளை. கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்."

எழுதினேன், பட்டமும் கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் இன்றும் நான் ரோஜா டீச்சர்தான். இந்தக் கதையை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லித் தொலைத்தேன். போன வாரம் வந்த விருந்தாளி என் மகனிடம், "தம்பி எத்தனாம் வகுப்பு?" என்று கேட்டார்.

"எட்டு. கணக்குல கெட்டிக்காரன், இங்கிலீசுதான் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் பிஸ்கட்டை மென்றுகொண்டே விருந்தாளியைப் பார்த்துச் சொன்னான், "அங்கிள், ரோஜா இஸ் மீ."