விரலண்ணையும் வானம்பாடியும்

தெற்கு அரைக்கோளத்திலேயே விரலண்ணையைப் போல நேர்மையான அம்பயர் இருந்ததில்லை. அவரைப் போல மோசமான அம்பயரும் இருந்ததில்லை. இதைக் கற்பூரம் அணைத்துச் சொல்ல நான் தயார். அவருடைய நேர்மையிலும் அவுட் ஆகியிருக்கிறேன், மோசத்திலும் அவுட் ஆகியிருக்கிறேன்.

மெல்பர்னின் மேற்கு ஓரத்தில், புது வீடுகள் வரிசை கட்டி வந்து சட்டென்று நின்றுவிடும் இடத்தில் எங்கள் மைதானம் இருந்தது. நடுவில் பச்சைக் கம்பளம் ஒட்டிய பிட்ச். ஒரு பக்கம் கார் நிறுத்துமிடம். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இரண்டு அணிகள் மோதும். மதுரை, கோவை, நெல்லை என்று கலந்துகட்டிய எங்கள் காவேரி லெவன் ஒன்று. யாழ்ப்பாணத்துக்காரர்களின் பனை லெவன் மற்றொன்று. எங்களுக்குக் கேப்டன் செந்தில். அவர்களுக்குக் கண்ணன். வார நாட்களில் இருவரும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜென்மப் பகை.

இவர்களுக்கு நடுவில் நின்றவர்தான் விரலண்ணை. அறுபதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு. இலங்கையிலிருந்து வந்து பல வருஷம் ஆகிறது. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வாரம் ஐந்து நாள் சரக்கைத் தூக்குவார்; ஞாயிற்றுக்கிழமை விரலைத் தூக்குவார். எதையாவது மேலே தூக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது என்று கண்ணன் சொல்வான். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. விரலண்ணை என்ற பெயர் எப்படி வந்தது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். வந்ததே என்னால்தான்.

எங்கள் அணியில் நான் சேர்ந்த முதல் ஞாயிறு. முதல் பந்து கால் பேடின் வெளிப்பக்கம் எங்கோ உரசிக்கொண்டு போனது. கண்ணன் வழக்கப்படி ஊரே அதிரக் கத்தினான். அம்பயர் அமைதியாக வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தினார். நான் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நடந்தேன்.

"தம்பி, எங்கை போறியள்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவுட்டுன்னு விரலைத் தூக்கினீங்களே அண்ணே!"

"நான் அவுட் எண்டு சொல்லேல்லையே. மேலை பாருங்கோ."

பார்த்தேன். நீலமாக வானம் இருந்தது. அதில் தூசி விழுந்த மாதிரி ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து சத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விட இடைவெளி இல்லாமல், யாரோ மேலே சலங்கை மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு பாட்டு.

"வானம்பாடி. புல்லுக்கையிருந்து நேர் மேலை எழும்பினவர். உந்தப் பாட்டைக் கேட்டிட்டு விரல் தன்பாட்டிலை எழும்பிட்டுது."

"தூக்கின விரல் தூக்கினதுதான்!" என்று கண்ணன் குதித்தான்.

"சரி, இறக்கிப்போட்டன்" என்று அண்ணை விரலை மடக்கினார்.

இழந்த மானத்தை மீட்ட களிப்பில் நான் திரும்பி வந்து நின்றேன். அடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் பறந்தது. அப்போது வானத்தில் ஒரு பறவையும் இல்லை.

அன்று தொடங்கியது. ஒருநாள் கீப்பர் கையில் சாதுவாகப் போய் விழுந்த பந்துக்கு அண்ணை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்தார். வானம்பாடி எப்படிச் சிறகை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறது என்று தனக்குத் தானே செய்து பார்த்தாராம். ஸ்கோர் எழுதும் பெண் சிக்ஸர் என்று எழுதிவிட்டாள். இன்னொரு நாள் ஒரு ஓவரில் ஒன்பது பந்து. பந்தை எண்ண வேண்டியவர் பாட்டு எவ்வளவு நேரம் நீள்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

நீக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நீக்கினோம். ஒரு ஞாயிறு செந்திலும் கண்ணனும் மாறி மாறி அம்பயராக நின்றார்கள். மறுநாள் அலுவலகத்தில் இருவரும் நடுவில் அட்டைத் தடுப்பு கேட்டதாகக் கேள்வி. விரலண்ணையின் அநியாயத்தில் ஒரு சுகம் இருந்தது. அது யாரையும் பார்த்து வந்ததில்லை. இரண்டு அணிக்கும் ஒரே அளவில் வயிறு எரிந்தது.

சாப்பாட்டு வேளைகளில் அவர் மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் பறவைக் கச்சேரி தொடங்கிவிடும். வானம்பாடி மழைத்துளியை மட்டும்தான் குடிக்கும், வாயைத் திறந்துகொண்டு மேகத்துக்குக் காத்திருக்கும் என்று நம் பக்கத்தில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதை அவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, குழாயடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு வானம்பாடி அலகை நனைப்பதைச் செந்தில் காட்டினான்.

"இது என்னண்ணே? குழாய்த் தண்ணி குடிக்குது!"

அண்ணை அசரவில்லை. "மெல்பர்ன் குழாயிலை வாறது என்ன? அணையிலை நிறைஞ்ச மழைதானே!"

அவருடைய மகள் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து பாடும் மெடோலார்க் என்ற பறவையின் குரலைப் பிடித்து அனுப்பியிருந்தாள். மஞ்சள் மார்பு, அதில் கறுப்பு மாலை. அந்தப் பாட்டை அண்ணை ஃபோனில் எங்கள் ஒவ்வொருவர் காதிலும் வைத்துக் காட்டினார்.

"அங்கத்தை ஆதிக்குடிச் சனத்திலை ஒரு பகுதியார், இந்தக் குருவி தங்கட பாஷையிலைதான் கதைக்குது எண்டு சொல்லுவினமாம்."

"அப்ப எங்கட வானம்பாடி யாழ்ப்பாணத் தமிழ்" என்றான் கண்ணன். "மேலை போகேக்கை 'வாறன் வாறன் வாறன்' எண்டுது. கீழை இறங்கேக்கை 'போட்டு வாறன்' எண்டுது."

"போடா! 'இருடா இருடா இருடா'ன்னு சுத்தமா எங்க ஊர்ப் பேச்சு பேசுது" என்றான் செந்தில்.

அன்றைய ஆட்டத்தின் பின்பாதி இந்த வழக்கிலேயே போய்விட்டது. மூச்சு விடாமல் இவ்வளவு பேசுகிறவர் நிச்சயம் இரண்டும் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அண்ணை தீர்ப்பளித்தார். அடுத்த வாரம் முகம் வாடி வந்தார். மெடோலார்க் உண்மையில் வானம்பாடிக் குடும்பமே இல்லையாம். "பேர்தான் லார்க். ஆக்கள் வேறை" என்றார், பேசி முடித்த சம்பந்தம் முறிந்துபோன தகப்பனைப் போல. நம் மைதானத்து வானம்பாடியும் இந்த மண்ணுக்குரியது அல்ல, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஊர் நினைப்பில் கூண்டில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்தது என்றும் அவரே சொன்னார். "வந்த இடத்திலை பாடாமல் இருக்கேல்லை, பாத்தியளே?" என்று அதற்காகவும் சந்தோஷப்பட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன் இறுதி ஆட்டம் வந்தது. இரண்டு கேப்டன்களும் அபூர்வமாகச் சேர்ந்து போய் அவரிடம் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆட்டம் முடியும் வரை இரண்டு கையும் கோட்டுப் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். அண்ணை சம்மதித்தார். அவுட் என்றால் வாயால் சொன்னார். வைட் பந்துக்குப் பைக்குள் கையை வைத்தபடி முழங்கைகளை மட்டும் இரண்டு பக்கமும் அடித்தார். பறக்கத் தெரியாத பெரிய வெள்ளைப் பறவை ஒன்று பிட்ச் ஓரத்தில் நின்ற மாதிரி இருந்தது.

கடைசிப் பந்து. வெற்றிக்கு இரண்டு ரன். கடைசி ஆட்டக்காரன் நான். எதிர்முனையில் செந்தில் கும்பிடாத தெய்வமில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, புல்வெட்டும் வண்டி இன்னும் வராத மூலையில், முழங்கால் உயரப் புல்லுக்குள் விழுந்தது. கண்ணன் பின்னால் ஓடினான். நாங்கள் ஒரு ரன் ஓடி, இரண்டாவதற்குத் திரும்பிவிட்டோம். அவன் புல்லுக்குள் கால் வைத்ததுமே, காலடியிலிருந்து ஒரு பழுப்புக் குருவி விருட்டென்று கிளம்பியது.

"நில்லுங்கோ! காலை வையாதேங்கோ! அசையாதேங்கோ!"

கோட்டு பறக்க விரலண்ணை ஓடினார். அந்தப் பக்கத்துப் புல்லில் பாம்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கீப்பர் ஐஸ்பெட்டி மேல் ஏறிவிட்டான். நாங்கள் பாதி பிட்ச்சில் நின்றுவிட்டோம். கண்ணன் தூக்கிய காலை இறக்காமல் கொக்கு மாதிரி நின்றான்.

"அண்ணை... எவ்வளவு பெரிய பாம்பு?"

"பாம்பில்லையடா. பிள்ளையள்!"

அவன் கால் இறங்கவிருந்த இடத்தில், புல்லைக் குழித்துச் செய்த கிண்ணம் போல ஒரு கூடு. உள்ளே அப்போதுதான் பொரித்த குஞ்சுகள், மயிர் முளைத்த சுண்டைக்காய் மாதிரி, மஞ்சள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒரு முழம் தள்ளிப் பந்து.

சண்டை தொடங்கியது. அம்பயரே ஃபீல்டரைத் தடுத்தது எந்த ஊர் நியாயம் என்று அவர்கள். நாங்கள் ஓடி முடித்திருப்போம் என்று நாங்கள். யாராவது குரலை உயர்த்தினால் அண்ணை "ஷ்ஷ்!" என்றார். அதனால் இருபத்திரண்டு ஆண்களும் நுனிக்காலில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, கிசுகிசுத்தே சண்டை போட்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான வசவுகளை அவ்வளவு மென்மையாக நான் கேட்டதில்லை.

"டெட் பால்" என்று அண்ணை முடித்தார். "அந்தப் பந்தைத் திரும்பப் போட வேணும்."

"சரி, போடச் சொல்லுங்க" என்றான் செந்தில்.

"இப்ப ஏலாது. இவர் அடிச்சால் இஞ்சாலைதான் வரும். பிள்ளையள் பறக்கட்டும்."

"எப்ப பறக்கும்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அதுகளிட்டைக் கேளுங்கோ."

அப்படியாக, இறுதி ஆட்டம் ஒரு பந்து பாக்கியில் நின்றது.

மறுநாள் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 'புல்லு வெட்ட வந்திட்டாங்கள், ஓடி வாங்கோ' என்று அண்ணையிடமிருந்து செய்தி. போய்ப் பார்த்தேன். அவர் லீவு போட்டுவிட்டு, கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். எதிரே புல்வெட்டும் ராட்சத வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டிவந்த வெள்ளைக்காரர் அண்ணையை விட இரண்டு மடங்கு இருந்தார். நான் அண்ணையின் குடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"பேபீஸ்" என்றார் அண்ணை, புல்லைக் காட்டி. "மதர் கம்மிங். வெயிட்."

தாய்ப்பறவை வந்தது. கூட்டில் நேராக இறங்கவில்லை. தூரத்தில் இறங்கி, ஒன்றும் தெரியாதது போல அங்கும் இங்கும் நடந்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகே புல்லுக்குள் நுழைந்தது. வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து அண்ணை பக்கத்தில் தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். அண்ணை ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இருவரும் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் "நோ வொரிஸ், மேட்" என்று சொல்லி, கூட்டைச் சுற்றிப் பெரிய வட்டமாகப் புல்லை விட்டுவிட்டு மீதியை வெட்டிக்கொண்டு போனார். எங்கள் எல்லைக் கோட்டுக் கூம்புகளை அந்த வட்டத்தைச் சுற்றி அண்ணை நட்டார்.

அதன்பின் எங்கள் வாட்ஸாப்பில் கிரிக்கெட் பேச்சே இல்லை. கண்ணன் தினமும் விசாரித்தான். "நான் மிதிச்சிருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று நினைத்து அவனுக்குச் சில நாள் தூக்கமே வரவில்லையாம். நான் கராஜில் ஒரே ஒரு பந்துக்காகப் பயிற்சி எடுத்தேன். "ஒரு பந்துக்கா இவ்வளவு ஆட்டம்?" என்று என் மனைவி கேட்டாள்.

ஒரு ஞாயிறு காலை கூடு காலியாகக் கிடந்தது. அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "போட்டுதுகள்" என்றார். ஏர்போர்ட்டில் மகளை அனுப்பிவிட்டு வந்தவர் முகம். அதற்கடுத்த வாரம் வாலில்லாத குட்டிப் பறவைகள் புல் மேலே தத்தித் தத்திப் பறப்பதைக் காட்டி, "இப்ப போடலாம்" என்று அனுமதி தந்தார்.

ஒரே ஒரு பந்தைப் பார்க்க இரண்டு அணிகளும் குடும்பத்தோடு வந்தன. ஒருபக்கம் பிரியாணி, மறுபக்கம் கொத்து ரொட்டி. கிரிக்கெட் என்றாலே எழுந்து போகும் என் மனைவியும் வந்திருந்தாள். பந்து வீச்சாளர் ஓடிவந்தார். வீசினார். அண்ணையின் முழங்கைகள் படபடவென்று அடித்தன. வைட்! ரன் சமன். இன்னொரு பந்தும் உண்டு என்று தெரிந்து கூட்டம் கூத்தாடியது. அந்த இன்னொரு பந்தில் நான் கிளீன் போல்ட்.

டை. கோப்பை யாருக்கு என்று மறுபடி இழுபறி வர, அது தீரும் வரை தன் வீட்டில் இருக்கட்டும் என்று அண்ணை எடுத்துப் போனார். இன்றும் அவர் வீட்டுக் குசினியில்தான் இருக்கிறது. அவர் மனைவி அதில் தேயிலை போட்டு வைத்திருக்கிறார்.

போன சீசனில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். ஞாயிறு சாயங்காலம் நான், செந்தில், கண்ணன் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தவர் எங்களைக் கண்டதும் முதலில் கேட்டது அதைத்தான்.

"இண்டைக்கு ஆர் வெண்டது? ஆர் அம்பயர் நிண்டது?"

அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நாங்கள் யாரும் மட்டையைத் தொடவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"மழைண்ணே. மேட்ச் நடக்கல" என்றான் செந்தில்.

"மழையோ?" அண்ணை ஜன்னலைப் பார்த்தார். வெயில் அவர் போர்வை வரை வந்து விழுந்திருந்தது. "இஞ்சை நல்ல வெயிலல்லோ?"

"எங்கட கிரவுண்டிலை மட்டும் அண்ணை" என்றான் கண்ணன். "சரியான மழை."

நானும் நனைந்து வந்தவனைப் போலத் தலையைத் துவட்டிக்கொண்டேன்.