கணக்கு சார் போட்ட ஸ்டெப்

விடை கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். விடையே முக்கியமில்லை என்று கண்டுபிடித்த மகான் ஒரே ஒருவர்தான். அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கு சார். வழிமுறைதான் அவருக்கு உயிர், விடையெல்லாம் பேருக்குத்தான். ஸ்டெப் இல்லாமல் சரியான விடை எழுதினால் முட்டை போடுவார்.

நர்ஸம்மாவுக்கு அவர்மேல் அப்படியொரு பக்தி. கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் மனசிலேயே போட்டு விடை சொல்லிவிடும், அங்கே நாலாம் வகுப்பு படிக்கும் தன் மகளை, பெரிய மேதாவியா நீ, ஸ்டெப் எழுதுடி என்று தினமும் கரித்துக்கொட்டுவாள்.

அன்றைக்கு நாலாம் வகுப்பு அருங்காட்சியகம் போய்த் திரும்பியது. பள்ளி வாசலில் பிள்ளைகள் பொலபொலவென்று இறங்கினார்கள். கடைசிப் பிள்ளையும் இறங்கியதும் டிரைவர் பஸ் கதவைச் சாத்திவிட்டார். மகளைக் காணோம். கூட்டிப்போக வந்திருந்த நர்ஸம்மா சாரிடம் ஓடினாள்.

"எல்லாரும் வந்தாச்சும்மா. கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னேன்," என்றார் சார். பதறவில்லை. பதற்றத்துக்கு ஸ்டெப் கிடையாதே.

மகளின் தோழி விசும்பிக்கொண்டே வந்தாள். அவள் ஏறவில்லை என்று கிளம்பும்போதே சொன்னாளாம். "ஸ்டெப் எங்கே?" என்று கேட்டு உட்கார வைத்துவிட்டாராம் சார்.

அதற்குள் போன் அடித்தது. அருங்காட்சியகக் காவலாளி பேசினார். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், அம்மா நம்பரை ஸ்டெப் எதுவும் எழுதாமல் கடகடவென்று ஒப்பித்தாள், வந்து கூட்டிப்போங்கள் என்றார். நர்ஸம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும் வந்தது.

சார் தம் வழிமுறையை நிதானமாக விளக்கினார். டிரைவர் சீட் நீங்கலாக மொத்தம் நாற்பது சீட். காலி மூன்று. கழித்தால் முப்பத்தேழு. கூட்டிப்போன பிள்ளைகளும் முப்பத்தேழு. அதில் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தது சார்தான். தம்மையும் ஒரு பிள்ளையாக எண்ணிக்கொண்ட அந்த அடக்கத்தை எப்படிப் புகழ்வது! திரும்பி முகங்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அது குறுக்குவழி அல்லவா?

"விடை தப்புதான், ஒத்துக்கறேம்மா. ஆனா ஸ்டெப் அத்தனையும் சரி. அஞ்சு மார்க்குல ஒரே ஒரு மார்க்தான் போச்சு."

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த ஒரு மார்க்கைத்தான் சார் நான் பெத்து வளக்கறேன்."