நூறு பர்சன்ட் தள்ளுபடி

என் மச்சான் பாலுவை உச்ச நீதிமன்றத்தின் துணையோடு ஊருக்கு அனுப்பிவைப்பது என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் முடிவு செய்தேன். அடிதடி கிடையாது. கூச்சல் கிடையாது. முழுக்க முழுக்கச் சட்டப்படி. எனக்குச் சண்டை போடத் தெரியாது என்பது இதற்குக் காரணமில்லை.

பாலு என் மனைவி திலகவதியின் தம்பி. சந்தவாசலில் வாடகை வீட்டில் இருப்பவன். பைக்கை ஆரணியில் சர்வீசுக்கு விடப் பங்குனியில் வந்தான். "ரெண்டு நாள் இருந்துட்டு வண்டிய எடுத்துகினு போறேன் மாமா" என்றான். வண்டிக்கு சர்வீஸ் அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. அவனுக்கு ஆவணி பிறந்தும் சர்வீஸ் நடந்துகொண்டிருந்தது.

இருந்துவிட்டுப் போகட்டும். இருந்த இடம்தான் பிரச்சினை. நான் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் பட்டுச்சேலை வியாபாரி. வீட்டின் பின்பக்கம் இரண்டு தறி, முன்பக்கம் ஓர் அறை. கடைக்காரர்கள் வந்தால் சேலையை விரித்துக் காட்டும் அறை அது. யாரும் வராத நேரத்தில் நான் விரிந்து கிடக்கும் அறை. வீட்டிலேயே ஏசி அங்கே மட்டும்தான். பட்டுக்காக என்று சொல்லி வாங்கியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தக் குளிரில் கொஞ்ச நேரம் கண்ணை மூடினால்தான் எனக்கு அன்றைய நாள் ஒரு நாளாக இருக்கும். பாலு வந்ததிலிருந்து அந்தத் தூக்கம் போயே போய்விட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏக்கத்தில் இளைத்துவிட்டேன். தொப்பை மட்டும் அப்படியே இருக்கிறது.

தூக்கம் போன மனிதன் என்ன செய்வான்? ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு செல்போன் பார்ப்பான். அப்படித்தான் தீர்ப்புகள் என்னைப் பிடித்துக்கொண்டன. 'உச்ச நீதிமன்றம் அதிரடி' என்று ஒன்று வரும். அதைத் தொட்டால் பின்னாலேயே வரிசையாக வரும். சொத்து, செக், ஜீவனாம்சம், பட்டாசு, நாய். பார்க்கப் பார்க்கத் தெளிவு பிறக்கும் என்று நினைத்தேன். குழப்பம்தான் பிறந்தது. பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்பார் ஒருவர். உண்டு, ஆனால் என்பார் இன்னொருவர். அந்த 'ஆனால்' முடிவதற்குள் விளம்பரம் வந்துவிடும். டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் வை என்று ஓர் உத்தரவு வந்தது. அதை நான் புரிந்துகொண்டு நாலு பேரிடம் சொல்லி முடிப்பதற்குள், பிடித்த இடத்திலேயே விட்டுவிடு என்று மாற்றிவிட்டார்கள். நாய்களுக்கே குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

இத்தனை குழப்பத்திலும் ஒரு வீடியோ என்னை எழுந்து உட்கார வைத்தது. அடுத்தவர் இடத்தில் ஒருவன் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து கிடந்தால் அது அவனுக்கே சொந்தமாகிவிடுமாம். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அணைத்துவிட்டு முன்னறையை எட்டிப் பார்த்தேன். பாலு போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்துக்கும் தயாரானவன் போல் தூங்கிக்கொண்டிருந்தான்.

இன்னொரு தீர்ப்பும் கையில் இருந்தது. கணவன் மனைவி பேச்சை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பதிவு செய்திருந்தாலும், விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று. எனக்கு விவாகரத்து வேண்டாம். ஏசி போதும். ஆனாலும் சாட்சி சாட்சிதானே. 'பாலு எப்பதான் கெளம்புவானோ' என்று திலகவதி வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று போனில் பதிவை ஓடவிட்டு, சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு இன்னாசிமுத்து சார் சர்ச்சில் பூசை முடிந்து வந்தார். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். ஞாயிறு காபி அவருக்கு எங்கள் வீட்டில்தான்.

"சார், ஒரு வழக்கு" என்றேன்.

"பேப்பர்லயா தனசேகர்?"

"என் வீட்ல சார். நீங்கதான் ஜட்ஜு."

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திலகவதி காபியோடு வந்தாள்.

"யார் மேல வழக்கு?" என்றார் சார்.

"பாலு மேல."

"எந்தம்பி இன்னா பண்ணான்?"

"ஒன்னும் பண்ணல. அதான் வழக்கே."

எதிர்த்தரப்பு உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"ஒருத்தன் ஒரு எடத்துல பன்னெண்டு வருஷம் இருந்தா அது அவனுக்கே ஆயிடுமாம். ஊடு கைய உட்டுப் போயிடும் திலகம். இப்பவே உஷாராவணும்."

"எந்த ஊடு?"

"நம்ம ஊடு."

"இது யாரு கட்ன ஊடு?"

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு சின்ன விவரம் சொல்லவேண்டியிருக்கிறது. வீடு என் மாமனார் கட்டியது. வழக்குக்கு அவசியமில்லை என்று முதலில் சொல்லாமல் விட்டேன்.

"உங்கப்பா" என்றேன்.

"எங்கப்பா ஊட்ல எனக்கும் பங்கு, எந்தம்பிக்கும் பங்கு. பொண்ணுக்கும் சம பங்குன்னு அன்னிக்கு போனக் காட்டி நீங்கதான சத்தமா படிச்சீங்க. அப்ப இதுல வெளியாளு யாரு?"

சார் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"ஏம்மா, தனசேகரும் கல்யாணம் ஆனதுலேர்ந்து இங்கதான் இருக்காரு" என்றார் சார். அவர் நல்ல மனிதர். "பன்னெண்டு வருஷத்துக்கு மேலயே ஆயிருக்குமே. அவருக்கு எதனா பாத்தியதை வருமா?"

"வராது சார். நாமளா அனுமதி குடுத்து உள்ள உட்டவங்களுக்கு அது செல்லாது. அதையும் அந்த வீடியோவுலதான் சொல்றான். இவரு கடைசி வரைக்கும் பாக்கல."

அவள் எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. சொத்துப் பிரிவை விட்டுவிட்டு நாய்ப் பிரிவுக்குத் தாவினேன்.

"டெல்லியில இன்னா சொன்னாங்க? கண்ட எடத்துல படுத்துகினு கெடக்கறத எல்லாம் புடிச்சி வேற எடத்துல வையின்னாங்க."

"எந்தம்பிய நாய்ங்கறீங்களா?"

"நான் சட்டத்த சொன்னேன்."

"அது பழசு. மாத்திட்டாங்க. ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே உட்டுடணும். பாலு போன மாசம் கால்ல ஆணி குத்தி ஊசி போட்டுகினான். போட்டு, அதே ஏசி ரூம்ல உட்டாச்சு. சட்டப்படிதான் நடந்துகினு இருக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "கத்தினு கடிக்க வர்றத மட்டும்தான் தனியா வெக்கச் சொன்னாங்க. இந்த ஊட்ல காலைலேர்ந்து கத்தறது யாரு சார்?"

சார் ஆறிப்போன காபியை ஊதினார்.

"என்னாண்ட சாட்சி இருக்குது" என்று போனை எடுத்தேன். "நேத்து ரகசியமா பதிவு பண்ணது. அவ வாயாலயே கேளுங்க."

ஓடவிட்டேன். மிக்சி ஓடியது. வெகுநேரம் ஓடியது. சட்னிக்கு அரைத்திருக்கிறாள். மிக்சி நின்றது. திலகவதி என்னவோ சொன்னாள், குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

'சரி திலகம்.'

மறுபடி மிக்சி.

'நீ சொன்னா சரிதான்.'

மறுபடி தண்ணீர்.

'அதுக்கு இன்னா, பாலு இஷ்டப்பட்ட மட்டும் இருக்கட்டும்.'

நான் அவசரமாக அணைத்தேன். அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. அந்த வீட்டில் நான் என்னென்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

"சாட்சி பலமாத்தான் இருக்குது" என்றார் சார். "ரொம்ப பேஜாரான வழக்கு. தீர்ப்ப ஒத்திவெக்கறேன்."

"எதுக்கு சார் ஒத்தி? எனக்கு அடுப்புல வேல இருக்குது. நானே சொல்லிட்றேன்." திலகவதி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "இவரு மனு தள்ளுபடி."

என் நெஞ்சில் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது.

உங்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று தெரியாது. பட்டு ஊரில் பிறந்தவன் காதுக்கு அதைவிட இனிமையான சொல் கிடையாது. ஆடி வந்தால் தள்ளுபடி. தீபாவளி வந்தால் தள்ளுபடி. போர்டு தொங்கினால் போதும், தெருவே சிரித்த முகமாக உள்ளே வரும். செய்தியில் 'ஜாமீன் மனு தள்ளுபடி' என்று வரும்போதெல்லாம், திருடனுக்கே தள்ளுபடி கொடுக்கிறார்களே, எவ்வளவு பெரிய மனது என்று நான் உருகியிருக்கிறேன். ஆகவே எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"எத்தினி பர்சன்ட்?"

திலகவதி என்னைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நூறு."

"நூறு பர்சன்ட்டா?"

"முழுசா தள்ளுபடி. பைசா மிச்சமில்ல."

சாருக்குப் புரையேறியது. நான் அவர் தலையைத் தட்டிவிட்டேன். உண்மையில் நான் ஐம்பதுக்கே இறங்கி வரத் தயாராக இருந்தவன். காலையில் பாலு, மத்தியானம் நான் என்று. நூறு கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"பாலு நாளைக்கு காலைல சந்தவாசல் போறான்" என்றாள். "லாவண்யாவுக்கு ஒரு சேல குடுத்து உட்டா நல்லா இருக்கும்."

லாவண்யா பாலுவின் மனைவி. பாவம், புருஷன் இங்கே குளிரில் கிடக்க, அங்கே வெயிலில் தனியாக இருக்கிற பெண். ஜெயித்தவன் தாராளமாக இருக்கவேண்டும். சென்னைக் கடைக்கு என்று எடுத்து வைத்திருந்த மாம்பழக் கலர் சேலையை, அரக்குக் கரை போட்டது, நானே மடித்துப் பையில் வைத்தேன். பாலுவுக்குப் பட்டுக்கரை வேட்டி. மத்தியானம் மட்டன் பிரியாணி. நல்லி எலும்பை என் கையாலேயே அவன் இலையில் வைத்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, நீங்க இவ்ளோ நல்லவருன்னு எனக்குத் தெரியாம போச்சு."

மறுநாள் காலை அவன் வண்டியைக் கிளப்பினான். கிளம்புகிறவனை 'போ' என்று சொல்வது நம் வழக்கமில்லை. அதனால் வாசலில் நின்று, வாய் நிறைய, "நல்லபடியா போய்ட்டு வா" என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டேன். முன்னறைக் கதவைச் சாத்தினேன். ஏசியைப் போட்டேன். ஆறு மாதப் பசிக்கு ஒரு தூக்கம் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் என் கல்யாணத்துக்கு முன்னால் தூங்கியது.

சாயங்காலம் வாசலில் மினி லாரி ஹாரன் அடித்தது. எழுந்து கதவைத் திறந்தால் ஓர் இரும்புக் கட்டில் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கிரைண்டர். கிரைண்டருக்குப் பின்னால் மாம்பழக் கலர் சேலை, அரக்குக் கரை.

"சேல சூப்பரா இருக்குதுண்ணா" என்றாள் லாவண்யா.

"போய்ட்டு வந்துட்டேன் மாமா" என்றான் பாலு. "வாடகை வீட்ட காலி பண்ணிகினு வந்துட்டோம். நீங்க அவ்ளோ ஆசையா 'போய்ட்டு வா'ன்னு சொன்னப்பறம் அங்க இன்னா வேல? மாமா, கொஞ்சம் ஜல்தியா தள்ளிக்குங்க, கட்டில போடணும்."

நான் திலகவதியைத் தேடிச் சமையலறைக்கு ஓடினேன். அவள் வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

"இன்னா இது? தள்ளுபடின்னியே. நூறு பர்சன்ட்டுன்னியே. சார் சாட்சி."

"ஆமா, சொன்னேன்."

"அப்ப ரூமு எனக்குத்தான?"

அவள் அடுப்பைச் சின்னதாக வைத்தாள். குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவளைப் போல நிதானமாகக் கேட்டாள்.

"ஏங்க, கடையில ஒரு சேலைக்கு நூறு பர்சன்ட் தள்ளுபடி குடுத்தா, சேல யாருக்குப் போவும்?"

"எடுத்துகினு போறவனுக்கு."

"கடைக்காரருக்கு?"

"அவனுக்கு ஒன்னும் மிஞ்சாது."

"அதான்" என்று சொல்லிவிட்டு, என் தலையணையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "தறிப் பக்கம் காத்து நல்லா வருது."