பெரியப்பா வயலில் பீரங்கி

நாம் பார்க்க ஆசைப்படுவதைக் காட்ட ஒரு மங்கலான போட்டோ போதும். அது விமானத்திலிருந்து எடுத்ததென்றால் கேட்கவே வேண்டாம்.

வான்படங்களை ஆராயும் படிப்பை முடித்த புதிது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படம் ஒன்றில், பாபநாசம் பக்கம் எங்கள் பெரியப்பா வயலிலேயே கருவட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழிகள்! பட்டியல் போட்டுச் சரிபார்த்தேன். வட்டமா? ஆம். சம இடைவெளியா? ஆம். பக்கத்தில் சாலை? ஆம். (ஆடா என்று யார் கேட்பார்கள்?) அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த பேராசிரியைக்கு எழுதினேன். நேரில் பார்க்கிறேன், நிஜமென்றால் வேலை உனக்குத்தான் என்றார்.

அப்போது கோடை. அறுத்த வயலில் கிடை போட ஆட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். இரவில் வலை கட்டி ஆடுகளை அடைத்தால் புழுக்கையே உரம். பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஆட்டை உள்ள விடாதீங்க பெரியப்பா. குளம்பு பட்டா தடயம் அழிஞ்சிடும்."

"என்ன தடயம்?"

"பீரங்கி."

"நம்ம வயல்லயா? எங்கப்பா சொல்லவே இல்லியே."

"ராணுவ ரகசியம்ல?"

மந்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது நேரே பக்கத்து வயலுக்கு, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வயலுக்குப் போனது.

மேடம் வந்தார். நிழல் நீளமாக விழும் விடியற்காலையில் ட்ரோனைப் பறக்கவிட்டேன். பெரியப்பா வயலில் ஒன்றுமில்லை. பக்கத்து வயல் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். திரையில் அதே கருவட்டங்கள், அதே வரிசை.

"பாத்தீங்களா மேடம்?" திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"பாத்தேன். கடைசிக் குழி நகருதே?"

பெரிதாக்கினேன். பீரங்கி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ராவுக்கு ஒரு இடமாகக் கிடையை மாற்றி மாற்றிப் போட்ட தடம்தான் அந்த வட்டங்கள். யுத்தகாலத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா திரையை நிதானமாகப் பார்த்தார். "அப்ப எங்கப்பாவும் கிடை போட்டிருக்காரு. என்னைத்தான் போட விடல."

வேலை வேறு யாருக்கோ போனது. மேடம் அவசரமாகக் காரில் ஏறியது கோபத்தில் அல்ல, சிரிப்பை அடக்க முடியாமல்தான் என்பது பெரியம்மாவின் கட்சி. அந்தக் குறுவைச் சாகுபடியில் பங்காளி வயல் கரும்பச்சையாக நின்றது. பெரியப்பா யூரியா வாங்கினார்.

இப்போதும் அங்கே கறிக்குழம்பு என்றால், பெரிய துண்டாகப் பார்த்து என் இலையில் போடுவார்.

"சாப்பிடும்மா. பீரங்கி நல்லா வெந்திருக்கு."