புதினாவுக்கு நாலு விசில்

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மகளின் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். அங்கே நீங்களும் சம்பந்தி ஐயாவும் அவருடைய பல்வலியும் எப்படி என்று ஒரு வரி தெரிவிக்கவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று வாரத்தில் பெண்ணுக்கு இரண்டு கிலோ ஏறாவிட்டால் நீங்களே வந்து அழைத்துப் போய்விடுவதாக எழுதியிருந்தீர்கள். நான் கோபப்படவில்லை. இரண்டு தடவை படித்தேன், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். என் கையால் சாப்பிட்டு என் பேரப்பிள்ளை இளைத்தது என்று நாலு பேர் சொல்வதை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? அன்றைக்கே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டேன்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "ஏழாம் மாசத்துக்கு இந்த எடை பத்தாதும்மா. வெளியில வெட்டி வச்ச பழம் வேணாம். இலை, தழை, காய் எல்லாத்தையும் நல்லாக் கழுவுங்க. கறி, முட்டை நல்லா வேகணும்" என்று சொன்னார்கள். நான் நோட்டும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன். வராந்தாவில் ஒரே கூட்டம், முழங்கையில் இடித்துக்கொண்டே போகிறார்கள், அதனால் சுருக்கமாக "எல்லாம் கழுவ வேண்டும், எல்லாம் வேக வேண்டும்" என்று இரண்டே வரி எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டால் அப்புறம் அதுதானே சட்டம்.

உங்கள் மகள் பால்கனியில் பழைய பெயிண்ட் டப்பாக்களில் புதினா, கொத்தமல்லி, எலுமிச்சைப்புல் எல்லாம் வளர்க்கிறாள், வெயிலுக்கு அது பாட்டுக்குத் தழைத்துக் கிடக்கிறது. நான் பறித்து, உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, நோட்டில் உள்ளபடி குக்கரில் போட்டு, புதினாவுக்கு நாலு விசில், வெள்ளரிக்காய்க்கு இரண்டு விசில் என்று கணக்காக விட்டேன். தட்டைப் பார்த்த மருமகள், "அத்தை, இது என்ன?" என்றாள். "வெள்ளரிக்காய்" என்றேன். "அது வேகறதுக்கு முன்னாடி. இப்ப என்ன?" என்கிறாள். அவளுக்கு அந்த நேரத்திலும் கிண்டல். மறுநாள் ஒரு முழுத் தர்பூசணி வந்தது. அதை நான் வேகவைக்கவில்லை, ஒரே ஒரு கொதி விட்டேன். உங்கள் மாப்பிள்ளை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டான். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது?

இதற்கு நடுவே செடியில் இலை குறைய ஆரம்பித்தது. காலையில் முப்பத்தொரு கொத்து இருந்தால் சாயங்காலம் இருபத்திரண்டு. எங்கள் மாடியில் ஒரு ரிட்டையர்டு கண்டக்டர் இருக்கிறார், நாள் முழுக்கக் குனிந்து எங்கள் பால்கனியைப் பார்ப்பதுதான் அவருக்கு இப்போது வேலை. படியேறிப் போய்க் கேட்டே விட்டேன்.

"கண்டக்டரே, எங்க வீட்டுப் புதினா ஒம்போது கொத்து எங்கே?"

"நான் எடுக்கணும்னா தூண்டில்தாம்மா போடணும்."

"போடலைன்னு என்ன நிச்சயம்?"

"மீன் பிடிக்கவே எனக்குப் பொறுமை கிடையாது, புதினாவையா பிடிக்கப் போறேன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரமே எடை பார்த்தோம். ஒன்றேகால் கிலோ கூட! நர்ஸம்மா, "பரவாயில்லையே, யாரு சமையல்?" என்றார்கள். நிமிர்ந்து நின்று, "நான்தான்" என்றேன். பக்கத்தில் உங்கள் மகளுக்கு இருமல் வந்துவிட்டது. ஏசி சேரவில்லை போலிருக்கிறது என்று தலைப்பால் போர்த்தி அழைத்து வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், திருடனைப் பிடிக்க, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சமையலறையில் கத்திச் சத்தம். எட்டிப் பார்த்தால் கண்டக்டர் இல்லை, உங்கள் மகள்! ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றுக்கு மேலே ஒரு அகலக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, தக்காளி, வெள்ளரி, துருவின மாங்காய், வெந்த கொண்டைக்கடலை, வெந்த முட்டை, மேலே என்னுடைய ஒன்பது கொத்துப் புதினா, எலுமிச்சை பிழிந்து வாய் நிறைய மென்றுகொண்டிருக்கிறாள்.

"அத்தை... தூங்கலையா?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பதினாறு நாளா."

"அப்ப நான் செஞ்சதெல்லாம்?"

"உங்க பிள்ளைதான் சாப்பிடறார், பாவம்."

நான் கிண்ணத்திலிருந்த புதினாவை எண்ண ஆரம்பித்தேன். அவள்தான், "அடுப்பு வாசனையே ஆகல அத்தை. எங்கம்மா வெயில்ல இப்படித்தான் செய்வாங்க, அது மட்டும்தான் வயித்துல தங்குது. எல்லாம் நல்லாக் கழுவிட்டுதான் செய்றேன். உங்க மனசு சங்கடப்படும்னு சொல்லல" என்றாள். பிறகு ஒரு ஸ்பூன் நீட்டினாள். உப்பு சரியா என்று பார்ப்பதற்காக மட்டும் வாங்கினேன். முதல் ஸ்பூனில் தெரியவில்லை. மூன்றாவது கிண்ணத்தில்தான் சரி என்று உறுதியானது. நான் எதையும் அவசரப்பட்டுச் சொல்கிறவள் இல்லை.

நேற்று எடை பார்த்தோம். மொத்தம் இரண்டு கிலோ நூறு கிராம். ஆகவே சம்பந்தி அம்மா, நீங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை. இனி அவள் நறுக்குவாள், நான் மேற்பார்வை பார்ப்பேன். ஒரு சமையலறைக்கு ஒரு பெரியவள் போதும்.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் பல்லும் பலமுமாக நெடுநாள் இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கும்,

உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்றைக்கு அவள் அசந்து படுத்திருந்தாள் என்று நானே அதே மாதிரி செய்து கொடுத்தேன். முட்டை, கடலை தவிர எதையும் வேகவைக்கவில்லை, சத்தியம். இரண்டு வாய் சாப்பிட்டு, "நல்லாருக்கு அத்தை" என்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "என்னடி?" என்றால், "அம்மா ஞாபகம் வந்துடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்கிறாள். இதற்கு நான் எத்தனை விசில் விட முடியும்? வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு உங்களுக்கு உங்கள் மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துவிட்டான். அழைத்துப் போக வராதீர்கள், இருக்க வாருங்கள். சமையலறை அலமாரியில் உங்களுக்கு ஒரு தட்டு காலி செய்து வைத்திருக்கிறேன். கீழ்த்தட்டு.