பினாங்குக்கு நான் போகாத கதை

கம்பைநல்லூரை விட்டு மொரப்பூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பில்லை. வயிறு எரிந்தது, பாதி பசியால், பாதி மச்சான் முனுசாமியால். (பாதிக்கு மேலேயே இருக்கும்.)

அன்று காலைவரை நாங்கள் இருவருமே பினாங்குக்குப் போகிறவர்கள். அங்கே ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு ஆள் எடுக்க ஓர் ஏஜெண்டு கம்பைநல்லூருக்கு வந்திருந்தார். துரைமார் பழக்கம் தெரியாதவர்களை அனுப்பினால் தம் பெயர் கெடும் என்று, வயதான பட்லர் ஒருவரை வைத்து எங்களுக்கு எட்டு நாள் பாடம் நடத்தினார். பூட்ஸ் துடைப்பது, பீங்கான் தட்டை ஓசையில்லாமல் வைப்பது, துரைக்கு எதிரே தலையைச் சொறியாமல் நிற்பது.

எல்லாவற்றிலும் நான்தான் முதல். மூன்றாம் வகுப்புவரை படித்தவனாயிற்றே! முனுசாமி இரண்டு தட்டு உடைத்தான். ஆனாலும் பட்லருக்கு அவனைத்தான் பிடித்தது. பிஸ்கோத்தை நீட்டினால் உடனே எடுத்துத் தின்பான். நானோ, "வேண்டாங்க, இப்பத்தான் சாப்ட்டேன்" என்பேன். மூன்றாம் தரம் கேட்ட பிறகு கை நீட்டுவதுதானே எங்கள் பக்கத்து மரியாதை?

பட்லர் தலையில் அடித்துக்கொள்வார். "அடேய், தொரைங்க ஒருதரந்தான் கேப்பாங்க. வேணும்னா வேணும்னு சொல்லு!"

"இவனாட்டம் வெக்கங்கெட்டுத் திங்கச் சொல்றீங்களா?"

"திங்கறது என் வாயி. உனக்கு எங்க மாப்ளே எரியுது?" என்றான் முனுசாமி, தூள் தெறிக்க.

கடைசி நாள் ஏஜெண்டே துரையைப் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டார். "பினாங்குக்கு வரியா?"

"வரேனுங்க!" என்றான் முனுசாமி, கேள்வி முடியும் முன்பே.

அடுத்தது நான். இவனைப் போலப் பறக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். "எனக்கென்னங்க அவசரம், வேற யாராச்சும் போவட்டுங்க" என்று தரையைப் பார்த்து நின்றேன். இரண்டாம் தரம் கேட்பார் அல்லவா?

அவர் என் பெயரை அடித்துவிட்டு, பின்னால் நின்றவனைக் கூப்பிட்டார்.

"ஐயா, இன்னொருக்கா கேளுங்கய்யா!" என்று நான் அலறியது கடைவீதிவரை கேட்டதாம். (இன்றைக்கும் நான் குழம்பு வேண்டாம் என்றால் என் மனைவி சட்டியோடு போய்விடுவாள். "பினாங்குக்காரரு வேண்டான்னுட்டாரு!")

எங்கள் ஊரில் ஆடு அடித்து வழியனுப்பியிருந்தார்கள். எந்த முகத்தோடு திரும்புவது? அதனால்தான் அந்த நடை.

மறுநாள் காலை மொரப்பூர் ஸ்டேஷனில் சுமை தூக்க ஆள் வேண்டுமென்றார்கள். சேர்ந்தேன். முதல் சுமை ஒரு புதுத் தகரப்பெட்டி. தலையில் ஏற்றியதும் பின்னாலிருந்து குரல் வந்தது:

"மெல்ல மாப்ளே, உள்ள ஊறுகா இருக்குது."